கோடு போடாத மேடு

இன்று காலை கடை திறக்க வந்தபோது தெருவெல்லாம் பெயிண்ட் வாசனை. கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. அதற்குள் ஊரின் சாலைகளுக்கெல்லாம் புதிதாகக் கோடு போட்டு முடிக்க வேண்டுமாம். ஒரு தள்ளுவண்டியில் அடுப்பை வைத்து வெள்ளைத் தூளைக் காய்ச்சுகிறார்கள். பிளாஸ்டிக் பொம்மை எரிந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு புகை தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஷட்டரைப் பாதி தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நம் கடைக்கு எதிரே இருக்கும் வேகத்தடையின் மேல் இரண்டு பேர் குனிந்து பட்டை பட்டையாக வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்கள்.

"புகையில நிக்காதீங்கம்மா, இருமல் வரும். கொஞ்ச நேரத்துல காஞ்சிடும்" என்றார் அவர்களில் ஒருவர்.

உள்ளே வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் ஆள் வருவதற்குள் உனக்கு நாலு வரி எழுதலாம் என்று நினைத்தேன். நாலு வரியில் முடியாது என்று தெரிகிறது.

இந்தக் கடை உன் யோசனை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்த காலத்திலிருந்தே யோசனை உன்னுடையது, பயம் என்னுடையது. கல்யாணம், பிள்ளைகள் என்று இருவரும் ஒரு சுற்று சுற்றி முடித்த பிறகு ஒருநாள் வந்து நின்றாய். "ஏய் சுமதி, வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் போற வழியில ஒரு ரூம் காலியா இருக்குடி. ஜெராக்ஸ் மிஷின் ஒண்ணு, கம்ப்யூட்டர் ஒண்ணு. மனு டைப் பண்ணிக் குடுப்போம். ஊர்ல குறை இல்லாத ஆளே கிடையாது. நமக்கு வேலைக்குப் பஞ்சமே வராது" என்றாய். நான் சிரித்தேன். அடுத்த மாதமே ஷட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமைகள் உன்னுடையவை. குறைதீர்க்கும் நாள் என்பதால் விடிந்ததுமே ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா மாறவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது, தண்ணீர் வரவில்லை. பலர் அழுதுகொண்டே சொல்வார்கள். நீ அவசரப்படுத்த மாட்டாய். அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "சரிம்மா, இப்ப முதல்ல இருந்து சொல்லுங்க" என்பாய். டைப் அடிக்கும்போது என் பக்கம் திரும்பி மெதுவாக, "மனுவுல அழுகையை ஒரு வரியில முடிச்சிடணும்டி. அதுக்கு மேல போனா படிக்கிறவங்க பயந்துடுவாங்க" என்று சொல்வாய். இந்தக் கடிதத்தில் அதை என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்.

சாலையை அகலப்படுத்திய பிறகுதான் எல்லாம் மாறியது. முன்பெல்லாம் குழியில் விழுந்து எழுந்து வந்த வண்டிகள் அப்புறம் பறக்கத் தொடங்கின. எதிரே பள்ளிக்கூடம். நம் பக்கத்துக் கடை செல்வியின் இட்லிக் கடை. அவள் மகள் யாழினி அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு காலையில் ஒரு சத்தம் கேட்டது. நான் ஜெராக்ஸ் மிஷின் மூடியைத் திறந்தபடி உறைந்து நின்றேன். நீ எப்போது வெளியே ஓடினாய் என்றே தெரியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது யாழினி உன் மடியில் கிடந்தாள். இடித்த கார் கொஞ்ச தூரம் தள்ளி நின்றிருந்தது. ஓட்டி வந்தவர் கதவைத் திறக்கக்கூட முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். செல்வி கையில் மாவோடு தெருவில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு ஆட்டோவை மறித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீதான்.

காலில் கம்பி வைத்தார்கள். குழந்தை பிழைத்தது. அன்று மாலை புடவையெல்லாம் ரத்தத்தோடு கடைக்குத் திரும்பி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டாய். முதல்முறையாக உன் பெயரில் ஒரு மனு அடித்தாய். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமைகள்! நம்மிடம் மனு எழுதிக்கொண்டு போகிறவர்களுக்குப் பின்னால் நீயும் வரிசையில் நின்றாய். ஒருமுறை நானும் உன்னோடு வந்தேன். மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மனிதர்தான், பொறுமையாகத்தான் பேசினார்.

"நினைச்ச இடத்துல எல்லாம் ஸ்பீட் பிரேக்கர் போட முடியாதும்மா. அதுக்கு ரூல்ஸ் இருக்கு. பஸ் போகணும், ஆம்புலன்ஸ் வேகமாப் போகணும்."

"ஆம்புலன்ஸ் வேகமாப் போகட்டும் சார். ஆனா அதுல ஏத்துறதுக்கு ஆளு எங்க ரோட்டுலயே கிடைக்கக் கூடாது இல்லைங்களா?" என்றாய்.

அவர் உன்னை நிமிர்ந்து பார்த்தார். மனுவில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பௌர்ணமி தோறும் நம் சாலையில் மஞ்சள் பேரிகார்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைப்பார்கள். கிரிவலத்துக்கு வருகிற வண்டிகள் அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஊர்ந்து போகும். அந்த ஒருநாள் செல்வி நிம்மதியாக இட்லி ஊற்றுவாள். மறுநாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். வண்டிகள் மறுபடி பறக்கும். "சாமி கும்பிட வர்றவங்க உயிருக்கு ஒரு நாள் காவல். நம்ம புள்ளைங்களுக்கு மீதி நாள் யாரு காவல்?" என்று நீ அந்த லாரிக்காரரிடமே கேட்டாய். அவர் பாவம், "எனக்கு என்னம்மா தெரியும், ஏத்திட்டு வரச் சொன்னாங்க" என்றார். அவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாய்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமல் கொள்ளாமல், தார் வண்டி வந்து நின்றது. நாம் கடை திறக்கும்போதே பாதி வேலை முடிந்திருந்தது. கன்றுக்குட்டி ஒன்று சாலையின் குறுக்கே படுத்திருப்பதுபோல, கறுப்பாக, ஆவி பறக்க, உன் வேகத்தடை. நீ அதைப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்க முடியாது. உன் மகன் பிறந்தபோதுகூட உன் முகத்தை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கி வந்தாய். வேலை செய்தவர்கள், செல்வி, மனு எழுத வந்தவர்கள், தெருவில் போனவர்கள் என்று கண்ணில் பட்டவர் கையிலெல்லாம் ஒன்றைத் திணித்தாய். சாயங்காலம் உன் கணவர் லாட்ஜ் வேலை முடிந்து உன்னை அழைத்துப்போக வந்தபோது அவர் வாயிலும் ஒன்றை ஊட்டினாய். அண்ணன் வெட்கப்பட்டு, "ஏய், ரோட்டுல என்ன இது" என்றார்.

அன்று பள்ளி விட்ட நேரம் நாம் இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். வேகமாக வந்த ஒரு லாரி முனகிக்கொண்டே மெதுவானது. பின்னால் வந்த பஸ் மெதுவானது. ஒரு கார் கடைசி நொடியில் பார்த்துத் தூக்கிப் போட்டு விழுந்தது. யாழினி காலைச் சற்றே இழுத்தபடி நடு ரோட்டில் நடந்து வந்தாள். யாரும் அவளுக்கு ஹாரன் அடிக்கவில்லை. என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாய்.

அந்தக் காரைப் பார்த்த பிறகுதான் உனக்கு அது உறைத்தது. "ஆமா, கோடு எங்கடி? கறுப்பு ரோட்டுல கறுப்பு மேடு. வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

வேலையை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் போய்க் கேட்டாய். "பெயிண்ட் அடிக்கிறவங்க வேற ஆளுங்க மேடம். போர்டும் அவங்கதான் வைப்பாங்க. வருவாங்க" என்றார். எப்போது என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

நீ சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே அடுத்த மனுவை அடித்து, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்காக மேஜைமேல் எடுத்து வைத்தாய். மறுநாள் சனிக்கிழமை வீட்டிலிருந்து கோலமாவு டப்பாவையே எடுத்து வந்துவிட்டாய். வண்டி இல்லாத நேரம் பார்த்து, மேட்டின் மேல் நீயே பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு இழுத்தாய். செல்வி இரண்டு பக்கமும் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினாள். நான் வாசலில் நின்று, "போதும் வாடி, ரோட்டுல கோலம் போடுறான்னு கேஸ் போட்டுடப் போறாங்க" என்றேன். நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சிரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தூறல் விழுந்தது. பெரிய மழை இல்லை. கோலமாவைக் கழுவிக்கொண்டு போக அது போதும்.

நீயும் அண்ணனும் அன்று போளூரில் உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் பைக்கில் திரும்பி வந்தீர்கள். நீ எப்போதும்போல ஒரு பக்கமாக உட்கார்ந்து, அம்மா கொடுத்தனுப்பிய முருங்கைக்காய்ப் பையை மடியில் வைத்திருந்தாய். சாலை ஈரமாகப் பளபளத்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் அண்ணன் கண்ணை மறைத்தது.

செல்விதான் போன் செய்தாள். "அக்கா வாங்க, சீக்கிரம் வாங்க" என்பதைத் தவிர அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. நான் வந்தபோது உன் தலை அவள் மடியில் இருந்தது. அவள் மகளை நீ தாங்கியிருந்த அதே ஓரத்தில் அவள் உன்னைத் தாங்கிக்கொண்டிருந்தாள். முருங்கைக்காய்கள் ஈரச் சாலையில் இறைந்து கிடந்தன. அண்ணனுக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அவர் மேட்டின் மேல் நின்றுகொண்டு, போகிற வண்டிகளையெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நீ கண் திறக்கவே இல்லை. விடிந்தபோது திங்கட்கிழமை.

உன் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். அவன் கொள்ளி வைத்ததையும், உன் அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு அழக்கூட முடியாமல் இருந்ததையும் நான் எழுதப் போவதில்லை. காரியம் முடியும் வரை கடையைத் திறக்கவில்லை. மேட்டுக்கு முன்னால் இரண்டு பேரிகார்டும், ஒரு குச்சியில் சிவப்புத் துணியும் வைத்திருந்தார்கள். பெயிண்ட் மட்டும் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் திறந்து, உள்ளே போக மனமில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் நடந்து வருவது தெரிந்தது. தோளில் கடப்பாறை. என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நேராகப் போய் மேட்டின் மேல் ஒரே குத்து. தார் பெயர்ந்தது. மறுபடியும் குத்தினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. என்ன நடந்ததென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் ஓடிப்போய், "அண்ணா, வேணாம்ணா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "இது இங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் சுமதி. ஜாங்கிரி தின்னேனே நான். மெதுவாதான் போகணும்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். எந்த இடத்துல இருக்குன்னு மட்டும் கண்ணுக்குத் தெரியல" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் கடப்பாறையை ஓங்கினார்.

அப்போது செல்வி தன் கடையிலிருந்து இறங்கி வந்தாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவரைக் கெஞ்சப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கடப்பாறையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுங்கண்ணா. என் பொண்ணுக்காகத்தான அக்கா இதைக் கேட்டாங்க. நீங்க ஏன் உடைக்கணும்? நானே உடைக்கிறேன்."

அவர் விட்டுவிட்டார். அவள் ஒல்லி உடம்பு உனக்குத் தெரியும். அந்தக் கனத்தைத் தூக்கவே முடியாமல் தூக்கி மேட்டில் போட்டாள். அது தெறித்துத் திரும்பியது. அழுதுகொண்டே மறுபடி தூக்கினாள். மறுபடி போட்டாள். "எனக்கு வேணாம் அக்கா, எனக்கு இது வேணாம்" என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி இடித்தாள். யாழினி சீருடையோடு இட்லிக் கடை வாசலில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அந்தக் குழந்தையைப் பார்த்தார். பிறகு செல்வியின் கையிலிருந்து கடப்பாறையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"போதும்மா. விடு. புள்ள போற வழி இது. இருந்துட்டுப் போகட்டும்."

அப்படியே அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூட மணி அடித்தது. யாழினி தயங்கித் தயங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். போவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "போம்மா, நேரமாகுது. ரெண்டு பக்கமும் பார்த்துப் போ" என்றார். நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே அவள் கடந்து போனாள்.

அடுத்த திங்கட்கிழமை உன் மனுவை எடுத்துக்கொண்டு நான் போனேன். உன் கையெழுத்தோடு அப்படியே. அதே அதிகாரி. வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டுப் பெயரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அவங்க வரலையாம்மா? அன்னைக்கு நல்லாக் கேள்வி கேட்டாங்களே."

"இல்ல சார்" என்றேன். பின்னால் நின்ற யாரோ ஒருவர்தான், "அந்த மேட்டுலதாங்க விழுந்து செத்துட்டாங்க அந்தம்மா" என்றார்.

அவர் மனுவைக் கீழே வைக்கவில்லை. எழுந்து உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். அன்று சாயங்காலமே ஆட்கள் வந்து, உடைந்த ஓரத்தைப் பூசி, வெள்ளைக் கோடு போட்டு, இருபுறமும் பலகை நட்டார்கள். கொஞ்ச நேர வேலை. எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இவ்வளவுதானா, இதற்குத்தானா என்றுதான் தோன்றியது. கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்குப் போய், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் விழவில்லை. இதை உனக்குச் சொல்ல வேண்டும். யாழினி இப்போது ஐந்தாம் வகுப்பு. தனியாகத்தான் ரோட்டைக் கடக்கிறாள்.

உன் நாற்காலியில் இப்போது நான்தான். நானும் எல்லா விரலும் போட்டு அடிக்கப் படித்தவள்தான், ஆனாலும் உன் வேகம் எனக்கு வராது என்று வாடிக்கையாளர்களே சொல்கிறார்கள். அண்ணன் வண்டியை விற்றுவிட்டார். லாட்ஜுக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறார். சில நாள் மாலையில் நம் கடை ஸ்டாப்பிலேயே இறங்கி, உள்ளே வந்து, மனு எழுத வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்காருவார். நான் டீ சொல்லுவேன். குடித்துவிட்டு, "வரேம்மா" என்று எழுந்து நடந்துவிடுவார். இவ்வளவு காலமாக அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன வாரம் டீயைக் குடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"சுமதி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா வேணாமான்னு இத்தனை நாளா இருந்துட்டேன்."

"கேளுங்கண்ணா."

"அன்னைக்கு வண்டியில வரும்போது அவ பேசிக்கிட்டே வந்தா. 'நேத்து கடைக்கு ஒருத்தர் வந்தாரு, என்ன கேட்டாரு தெரியுமா'ன்னு ஆரம்பிச்சா. சொல்றதுக்குள்ள அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சா சீக்கிரம் நிறுத்த மாட்டாளே, உனக்குத் தெரியாதா. சரி, சிரிச்சு முடிக்கட்டும்னு நான் காத்துக்கிட்டே வந்தேன். அவ்ளோதான்மா." அவர் வெற்று டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஆளு என்ன கேட்டாரு? உனக்குத் தெரியுமா?"

சனிக்கிழமை. எத்தனையோ பேர் வந்த நாள். எனக்கு ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். தண்டராம்பட்டு பக்கத்திலிருந்து வந்தவர். ஆதார் கார்டை நீட்டி உன்னிடம் பேசியது அவர்தான்.

"ஒரு தாத்தா வந்தாருண்ணா" என்றேன். "ஆதார் கார்டைக் குடுத்துட்டு, 'இந்த போட்டோவுல நான் சிரிக்கலம்மா, சிரிக்கிற மாதிரி ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு, காசு ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல'ன்னாரு. அதுக்கு இவ, 'மிஷினுக்குச் சிரிக்கத் தெரியாதுங்க தாத்தா, நீங்க சிரிங்க, நான் பார்த்துக்கிறேன்'னா. அவரு பல்லே இல்லாம சிரிச்சாருண்ணா. அவரு போன பிறகும் இவ சிரிச்சுக்கிட்டே இருந்தா."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். அது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதான். அதாத்தான் இருக்கும்" என்றார். ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு நடந்து போனார்.

அது அந்தத் தாத்தாதானா? எனக்குத் தெரியாது. அவர் வந்தது காலையில். அன்று மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். கடையில் நீ மட்டும்தான் இருந்தாய். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், உனக்குத்தான் தெரியும். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அதனால் இப்போதெல்லாம் கடைக்கு யார் வந்து எதைக் கேட்டாலும், உன்னை அப்படிச் சிரிக்க வைத்தவர் இவராக இருப்பாரோ என்று ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.